பவுத்திரம்: வெட்டுவதற்கு முன் பார்ப்பது

தமிழ்நாட்டில் சில காலமேனும் இருந்துவிட்டு இங்கு வந்தவர்களுக்கு அந்தச் சுவர் விளம்பரங்கள் ஞாபகமிருக்கும். பஸ் நிலையங்களிலும் பொதுக் கழிப்பறைகளின் சுவர்களிலும் 'மூலம், பவுத்திரம்' என்று இரண்டு சொற்கள் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கும். கீழே ஒரு வைத்தியரின் முகவரி இருக்கும். எமது சமூகம் இந்த நோயைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசிய இடம் அநேகமாக அந்தச் சுவர் மட்டுமே. புலம்பெயர்ந்த பின் எமது சஞ்சிகைகளில் நீரிழிவு பற்றியும் மாரடைப்பு பற்றியும், அண்மைக் காலமாக மனநோய் பற்றியும் எழுதப்படுகிறது. ஆனால் இடுப்புக்குக் கீழே வரும் நோய்கள் எழுத்தில் இடம் பெறுவதில்லை.

நான் வைத்தியனல்ல. ஊரில் வரலாறு கற்பித்தவன். இப்போது வால்தம்ஸ்டோவில் இருந்துகொண்டு ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டுபவன். இந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படிக்கவேண்டி வந்ததற்குக் காரணம் என்னுடன் வேலை செய்யும் ஒரு தம்பி. அவருடைய சம்மதத்துடன், பெயர் சொல்லாமல், அந்த விடயத்தை முதலில் எழுதுகிறேன்.

1

சாப்பாட்டு நேரத்தில் அவர் நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். வேலைக்குப் போகும் வானில் ஒரு பக்கம் சாய்ந்தே இருப்பார். நாங்கள் அதை ஒரு பழக்கம் என்றே எடுத்துக்கொண்டோம். இரண்டு வருடங்களின் பின் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சேர், எனக்குப் பின்பக்கம் ஒரு கட்டு. உடைஞ்சு உடைஞ்சு திரும்ப வருது. ஆஸ்பத்திரிக்கு நீங்கள் ஒருக்கா வர ஏலுமே?" என்று கேட்டார்.

பிறகுதான் முழுக்கதையும் தெரிந்தது. முதன்முதலில் குடும்ப வைத்தியரிடம் போனபோது மொழிபெயர்ப்புக்கு ஆறாம் வகுப்பில் படிக்கும் தனது மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பிள்ளைக்கு முன்னால் சொல்ல வெட்கப்பட்டு, "அப்பாவுக்கு முதுகு நோகுது எண்டு சொல்லம்மா" என்று சொல்லியிருக்கிறார். முதுகு நோவுக்கு மருந்து கிடைத்தது. சீழ்க்கட்டு வளர்ந்தது. ஒரு நாள் இரவு காய்ச்சலோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக, அங்கே கட்டை வெட்டிச் சீழை எடுத்தார்கள். புண் ஆறியதுபோலத் தெரிந்து, மூன்று மாதத்தில் அதே இடத்தில் ஒரு சிறு துவாரம் கசியத் தொடங்கியது. அதன் பின்னர் உள்ளாடைக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார்.

நான் அவருடன் போனேன். சத்திரசிகிச்சை நிபுணர் பொறுமையான மனிதர். அவர் கேட்ட கேள்விகள் எளிமையானவை. வாயுவை அடக்க முடிகிறதா? தெரியாமல் மலம் கசிகிறதா? துவாரத்தில் வருவது சீழா, இரத்தமா? வரலாற்றுத்துறையில் பதினான்கு வருடம் விரிவுரை செய்த நான், வளர்ந்த ஒரு மனிதனைப் பார்த்து இவற்றைத் தமிழில் கேட்க வார்த்தையின்றித் தடுமாறினேன். நோயின் பெயரை அந்த நிபுணர் சொன்னபோது அதற்குரிய தமிழ்ச்சொல் எனக்கு உடனே வரவில்லை. வந்தபோது அது கழிப்பறைச் சுவரிலிருந்துதான் வந்தது.

பவுத்திரம் என்பது மூலமல்ல. மூலம் என்பது குதத்தின் உள்ளேயுள்ள இரத்தக்குழாய் மெத்தைகள் வீங்கி இறங்குவது. பவுத்திரம் ஒரு சுரங்கப்பாதை. குதத்தின் உட்சுவரிலுள்ள மிகச் சிறிய சுரப்பிகளில் ஒன்று அடைபட்டுச் சீழ் பிடிக்கிறது. சீழ் சதையைத் துளைத்துக்கொண்டு தோலை நோக்கி வழி தேடுகிறது. கட்டு உடைந்தோ வெட்டப்பட்டோ சீழ் வெளியேறிய பின்னரும், உள்வாய்க்கும் வெளிவாய்க்கும் இடையிலான அந்த வழி மூடாமல் நின்றுவிட்டால் அதுவே பவுத்திரம். குறோன் எனப்படும் குடல் அழற்சி நோயாலும் காசநோயாலும்கூட இது வரலாம். பெல்சிங்கி நகரில் 1970களை ஒட்டிய பத்து வருடங்களை ஆராய்ந்து 1984இல் வெளியான ஓர் ஆய்வு, வருடமொன்றுக்கு ஒரு இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு இது வருவதாகவும், ஆண்களில் பெண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் காணப்படுவதாகவும் சொன்னது. அரிதானதல்ல; பேசப்படாதது.

2

இதன் சிகிச்சை வரலாறு மிகப் பழையது. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று முழுக்க இந்த நோய்க்கே உரியது. குதிரைச் சவாரியும் படகில் துடுப்பு வலிப்போரின் இருக்கையும் இதற்குக் காரணம் என்று அது கருதியது. சிகிச்சை: பச்சை நூலை ஐந்து மடிப்பாகத் திரித்து, குதிரை மயிரைச் சேர்த்துச் சுற்றி, துவாரத்தினூடாகச் செலுத்தி, இரு முனைகளையும் முடிந்து, நாளுக்கு நாள் இறுக்கிக்கொண்டு வருவது. நூல் சதையை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டு வெளியே வரும். பின்னால் புண் ஆறிக்கொண்டு வரும்.

இந்தியாவில் சுஸ்ருத சங்கிதை இதைப் பகந்தரம் என்று அழைத்தது. எமது பவுத்திரம் இதன் திரிபு என்பர். குணப்படுத்தக் கடினமான எட்டுப் பெருநோய்களில் ஒன்றாக அது இதைச் சேர்த்தது. ஐந்து வகைகளாகவும் பிரித்தது. சல்லடைபோலப் பல துவாரமுள்ளது ஒன்று. ஒட்டகத்தின் கழுத்துப்போல வளைந்தது ஒன்று. சங்கின் சுரிபோலச் சுற்றிச் செல்வது இன்னொன்று. உவமைகள் போலத் தெரிந்தாலும் இவை பார்த்து எழுதிய குறிப்புகள். உள்ளே பாதை எப்படிப் போகிறது என்று சலாகையால் தேடி அறிந்தபின்னரே கத்தியை எடுக்க வேண்டும் என்பது அந்த மருத்துவத்தின் ஒழுங்கு. காரமூட்டிய நூலைப் பயன்படுத்தும் முறையும் அதில் உண்டு. 11ஆம் நூற்றாண்டின் சக்ரதத்தர், கள்ளிப்பாலும் மஞ்சளும் பூசிய நூலைக் கூறுகிறார்.

எமது கூட்டங்களில் இவ்விடத்தில் இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். 'எல்லாம் எங்களிடம் முன்னமே இருந்தது, வெள்ளைக்காரன் களவெடுத்தான்' என்பது ஒன்று. 'நாட்டு வைத்தியம் எல்லாம் ஏமாற்று' என்பது மற்றது. இரண்டுமே வரலாற்றைப் படிக்காத பேச்சு. நூலை யார் முதலில் கட்டினார் என்ற கேள்விக்கு விடையளிக்க முடியாது. கிரேக்கத்திலும் இந்தியாவிலும் நூல் இருந்தது. கேட்கவேண்டிய கேள்வி வேறு. சலாகையும் நூலும் வைத்திருந்த ஒரு மரபு பிற்காலத்தில் ஏன் கழிப்பறைச் சுவரில் வந்து நின்றது?

இதற்குப் பதிலின் ஒரு பகுதி சாதியில் இருக்கிறது என்பது எனது கருத்து. தமிழ்ச் சமூகத்தில் கட்டு வெட்டுவது, புண் கழுவுவது, பிள்ளைப்பேறு பார்ப்பது ஆகியவற்றை முடிதிருத்தும் சமூகத்தினரிடம் விட்டோம். அவர்களுக்கு 'மருத்துவர்' என்ற பெயரும், அந்தப் பெண்களுக்கு 'மருத்துவச்சி' என்ற பெயரும் வழங்கின. பெயரை வைத்துக்கொண்டே அவர்களைத் தீண்டத்தகாதோரின் வரிசையை ஒட்டி நிறுத்தினோம். ஏடு படித்தவன் சீழைத் தொடவில்லை. சீழைத் தொட்டவனை ஏட்டுக்குக் கிட்ட விடவில்லை. நோயாளியின் வெட்கத்துக்குள் இந்தத் தீட்டும் சேர்ந்தே இருக்கிறது.

3

ஐரோப்பாவிலும் நிலைமை ஒரு காலத்தில் வேறாக இருக்கவில்லை. அங்கும் சத்திரசிகிச்சை செய்பவர் நாவிதரோடு ஒரே சங்கத்தில் இருந்தார். இந்த நோய் அவர்களின் நிலையை உயர்த்திய விதம் சுவையான ஒரு வரலாறு.

இங்கிலாந்தில் நியூவார்க் நகரில் தொழில் செய்து பின்னர் லண்டனுக்கு வந்த ஜோன் ஆர்டேண் என்பவர் 1376இல் பவுத்திரம் பற்றித் தனி நூல் எழுதினார். நூறாண்டுப் போர்க் காலம். சேணத்தில் வாழ்ந்த பிரபுக்கள் பலர் அவருடைய நோயாளர். கருவிகளைப் படம் வரைந்து காட்டினார். பாதையைச் சலாகையால் கண்டு, நூல் செலுத்தி, அதன்வழியே வெட்டித் திறந்தார். வைத்தியன் நோயாளியின் இரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது என்றும் எழுதினார். கட்டணமும் வைத்தார்: பணக்காரரிடம் 40 பவுண், குறைந்தது 100 சிலிங். அன்றைய கூலிக்காரன் ஒருவன் நினைத்தும் பார்க்க முடியாத தொகை அது.

1686இல் பிரான்சின் பதினான்காம் லூயிக்கு இந்த நோய் வந்தது. களிம்பும் ஊற்றுநீரும் பயன் தராமற்போக, சத்திரசிகிச்சையாளர் ஷார்ல் பிரான்சுவா ஃபெலிக்சிடம் பொறுப்பு வந்தது. அவருக்கு அனுபவமில்லை. ஆகவே மாதக்கணக்கில் ஏழை நோயாளரில் செய்து பழகினார். வளைந்த ஒரு விசேட கத்தியையும் செய்வித்தார். நவம்பர் 18 அன்று வேர்சாய் மாளிகையில் அரசனை வெட்டினார். அரசன் குணமடைந்தான், ஃபெலிக்ஸ் பிரபுவானார். நோயே இல்லாத அரசவைப் பிரபுக்கள் சிலரும் தமக்கும் அதே சத்திரசிகிச்சை வேண்டுமென்று வந்து நின்றதை டியோனிஸ் என்ற சத்திரசிகிச்சையாளர் எழுதிவைத்திருக்கிறார். அரசனின் பின்புறத்தில் வந்ததால் நோய் கௌரவமாகிவிட்டது. பிரான்சில் சத்திரசிகிச்சைத் தொழிலின் மதிப்பும் உயரத் தொடங்கியது. 1731இல் அதற்கென அரச கழகம் வந்தது. 1743இல் நாவிதரிடமிருந்து சட்டப்படி பிரிக்கப்பட்டது.

ஃபெலிக்ஸ் பழகிப் பார்த்த அந்த ஏழைகளின் பெயர்களை வரலாற்று நூல்கள் சொல்வதில்லை. அரசனுக்குக் கிடைத்த அறிவு அவர்களின் உடம்பில் தேடப்பட்டது. நாங்கள் பெருமையோடு பேசும் எந்த மருத்துவ முன்னேற்றத்திலும் இந்தக் கணக்கு இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

4

நாங்கள் வாழும் இந்த நகரத்தில் ஏழைகளுக்கென்றே இதற்கு ஒரு வைத்தியசாலை எழுந்தது. 1835இல் ஃபிரெடரிக் சல்மன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், அல்டர்ஸ்கேற் வீதியில் ஒரு சிறு வீட்டில் ஏழு கட்டில்களுடன் அதைத் தொடங்கினார். 'பவுத்திரமும் நேர்குடலின் பிற நோய்களும் கொண்ட ஏழைகளின் நிவாரணத்துக்கான வைத்தியசாலை' என்பது அதன் பெயர். பெயரிலேயே நோயும் இருந்தது, வறுமையும் இருந்தது. 1838இல் சாட்டர்ஹவுஸ் சதுக்கத்துக்கும், 1854இல் சிற்றி றோட்டுக்கும் இடம் மாறியது. புதிய கட்டடம் சென் மார்க்கின் திருநாளான ஏப்ரல் 25இல் திறக்கப்பட்டதால் சென் மார்க்ஸ் என்ற பெயர் பெற்றது. வாசலில் ஒரு புனிதரின் பெயர் இருப்பது நோயாளிக்கு வசதி. எங்கே போகிறாய் என்று கேட்பவரிடம் நோயைச் சொல்லத் தேவையில்லை.

சாள்ஸ் டிக்கன்சும் சல்மனிடம் வந்தவர். 1841 ஒக்ரோபர் 8 அன்று, 29 வயதில், அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. ஈதர் மயக்கமருந்து பொஸ்ரனில் காட்டப்பட்டது 1846இல்தான். ஆகவே அந்த மனிதர் முழு நினைவோடு அதைத் தாங்கியிருக்கிறார். சல்மன் 1859இல் ஓய்வுபெற்றபோது 3,500 சத்திரசிகிச்சைகளை ஒரு மரணமுமின்றிச் செய்திருந்தார் என்று வைத்தியசாலையின் வரலாறு கூறுகிறது.

உயிர் போகவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். வெட்டியபின் எத்தனைபேர் மலத்தை அடக்க முடியாமற்போனார்கள் என்பது வேறு கேள்வி. இந்த நோயின் மையப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. குதத்தைச் சுற்றி இரண்டு சுருக்குத்தசைகள் உண்டு. உள்தசை எம் விருப்பத்தைக் கேட்காமல் இயங்குவது. வெளித்தசை எம் விருப்பப்படி இறுக்கக்கூடியது. சுரங்கப்பாதை பெரும்பாலும் இவற்றைத் துளைத்துக்கொண்டு போகிறது. பாதையை முழுவதுமாகத் திறந்துவிட்டால் புண் ஆறிவிடும்; ஆனால் பாதைக்குக் கீழுள்ள தசையும் அறுபடும். அறுபட்ட தசை அதிகமானால் நோய் போய், அடக்கும் சக்தியும் போய்விடும். தசைக்குப் பயந்து குறைவாக வெட்டினால் சீழின் கிளையொன்று உள்ளே தங்கி, நோய் திரும்ப வரும். ஆகவே கையின் வேகத்தைவிட, பாதை எங்கே போகிறது என்ற அறிவுதான் நோயாளியின் மிச்ச வாழ்வைத் தீர்மானிக்கிறது.

அதே வைத்தியசாலையின் டேவிட் குட்சோல் 1900இல் வெளியான நூலொன்றில் ஒரு விதியைச் சொன்னார். குதத்தின் நடுவே குறுக்காக ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டால், வெளிவாய் அந்தக் கோட்டுக்கு முன்பக்கம் இருக்கும்போது பாதை நேராக உள்ளே போகும். பின்பக்கம் இருக்கும்போது வளைந்து பின்நடுவில் திறக்கும். இன்றும் மாணவருக்குக் கற்பிக்கப்படும் விதி இது. ஆனால் விதி ஊகம்தான். எல்லா உடம்பும் விதிக்கு அடங்குவதில்லை.

பின்னர் வந்த அலன் பார்க்ஸ், சுரப்பியில் தொடங்கும் தொற்றே மூலகாரணம் என்ற கருத்தை 1961இல் வலுவாக முன்வைத்தார். 1976இல் 400 நோயாளரை அடிப்படையாக வைத்து நால்வகைப் பிரிவை வெளியிட்டார். பாதை இரு தசைகளுக்கும் நடுவில் மட்டும் போவது, வெளித்தசையை ஊடறுப்பது, தசையின் மேலாக ஏறி இறங்குவது, தசைகளுக்கு முற்றிலும் வெளியே நேர்குடலிலிருந்து வருவது. சங்குச்சுரி என்றும் ஒட்டகக் கழுத்து என்றும் சுஸ்ருதர் பாதையின் வடிவத்தைப் பார்த்தார். பார்க்ஸ் பாதைக்கும் தசைக்குமுள்ள உறவைப் பார்த்தார். இரண்டாவதுதான் எவ்வளவு வெட்டலாம் என்பதைச் சொல்லும். உலகெங்கும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இன்றும் இந்த நான்கு வகைகளைக்கொண்டே பேசிக்கொள்கிறார்கள்.

5

ஆனால் பார்க்சும் வெட்டித்தான் பார்த்தார். விரலும் சலாகையும் அவரின் கண்கள். வெட்டாமல் உள்ளே பார்க்கும் முயற்சிகள் நீண்ட காலம் தோற்றன. துவாரத்துக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறை இருந்தது. அதில் தசை தெரியாது; சீழால் அடைபட்ட கிளைக்குள் சாயமும் போகாது. 1985இல் ஒல்லாந்தில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில் இந்தப் படங்கள் 16 வீதமான நோயாளரில் மட்டுமே சரியாக இருந்தன. பிழையான படம் சலாகைக்குப் பிழையான வழியைக் காட்டும் ஆபத்தும் இருந்தது.

1989இல் சென் மார்க்சின் கதிரியல் நிபுணர் கிளைவ் பாட்ரம், அவருடன் பணிபுரிந்த பீற்றர் லோ ஆகியோர், குதத்தினுள் வைத்து எடுக்கும் அல்ட்ரா சவுண்ட் முறையை விபரித்தனர். முதல் முறையாக உயிருள்ள மனிதரின் இரு சுருக்குத்தசைகளும் திரையில் வளையங்களாகத் தெளிவாகத் தெரிந்தன. தூரத்துக் கிளைகளை மட்டும் அது எட்டவில்லை.

அடுத்தது எம்.ஆர்.ஐ. உடம்பிலுள்ள நீரின் அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் வைத்து எடுக்கும் படம் இது. எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. கொழுப்பிலிருந்து வரும் சமிக்ஞையை அடக்கிவிட்டால், நீர் நிறைந்த சீழும் அழற்சியும் கரும் பின்னணியில் வெள்ளையாக ஒளிரும். 1992இல் லண்டன் வைத்தியர்கள் 16 நோயாளரின் முடிவுகளை லான்செற் சஞ்சிகையில் வெளியிட்டனர். 14 பேரில் படமும் சத்திரசிகிச்சையில் கண்டதும் ஒத்திருந்தன. மற்ற இருவரில் படம் பிழை என்று எண்ணக்கூடும். ஆனால் அந்த இருவருக்கும் புண் ஆறவில்லை. படம் சரி, தேடிய கை பிழை என்றே கருதவேண்டியிருந்தது.

பத்து வருடங்களின் பின், 2002இல், அதே சஞ்சிகையில் இன்னும் முக்கியமான ஓர் ஆய்வு வந்தது. திரும்பத் திரும்ப நோய் வந்த 71 பேரைப் பற்றியது அது. படம் காட்டியதை எப்போதும் ஏற்று நடந்த சத்திரசிகிச்சை நிபுணர்களின் நோயாளரில் 16 வீதத்தினருக்கே நோய் மீண்டது. படத்தை ஒருபோதும் பொருட்படுத்தாதவர்களின் நோயாளரில் 57 வீதத்தினருக்கு மீண்டது. 2004இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு 108 பாதைகளை எடுத்துக்கொண்டது. விரலால் சோதித்ததில் 61 வீதமும், உள் அல்ட்ரா சவுண்டில் 81 வீதமும், எம்.ஆர்.ஐ.யில் 90 வீதமும் சரியாக வகைப்படுத்தப்பட்டன.

இந்த எண்களை நான் விரிவாகத் தருவதற்குக் காரணம் இருக்கிறது. அனுபவம் மிக்க நிபுணர் ஒருவர் தனது விரலைவிடப் படத்தை நம்புவது பெருமைக்கு இழுக்கு என்று நினைப்பது இயல்பு. தமது கையின் பிழையைத் தாமே எண்ணி, வீதமாக்கி, உலகம் பார்க்க அச்சிட்டார்கள். ஏமாற்றுக்கும் வைத்தியத்துக்கும் நான் காணும் வித்தியாசம் இதுதான். கிழக்கா மேற்கா என்பதல்ல.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் எண்ணவேண்டாம். பிரித்தானியாவில் 304 நோயாளரை வைத்து, சுரங்கத்தை அடைக்கும் ஒரு செருகியைப் பழைய முறைகளுடன் ஒப்பிட்டபோது, ஒரு வருடத்தில் இரு பக்கத்திலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே புண் ஆறியிருந்தது. குறோன் நோயாளரின் பவுத்திரத்துக்கென ஐரோப்பாவில் 2018இல் அனுமதிக்கப்பட்ட, பெரும் விலைகொண்ட ஒரு மூலஉயிரணு மருந்து, அடுத்த பெரிய பரிசோதனையில் பயனை நிரூபிக்காமல் 2024 இறுதியில் மீளப்பெறப்பட்டது. மறுபுறத்தில் 2007இல் தாய்லாந்தின் அருண் ரொஜனசகுல், தசையை அறுக்காமல் இரு தசைகளுக்கும் நடுவே புகுந்து பாதையைக் கட்டி வெட்டும் ஒரு முறையை வெளியிட்டார். அது இன்று லண்டனிலும் செய்யப்படுகிறது.

6

இப்போது காரநூலுக்குத் திரும்புவோம். 1960களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. ஜே. தேஷ்பாண்டேயும் அவரது குழுவினரும் வழக்கொழிந்துகொண்டிருந்த அந்த முறையை மீண்டும் எடுத்து ஒழுங்குபடுத்தினார்கள். நூலுக்கு மொத்தம் 21 பூச்சு: முதலில் கள்ளிப்பால் மட்டும் 11 முறை, பிறகு கள்ளிப்பாலுடன் நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுத்த காரம் 7 முறை, கடைசியில் மஞ்சளுடன் 3 முறை. வாரத்துக்கொருமுறை நூலை மாற்றினார்கள். முக்கியமான விடயம் அதன் பின்னர் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நிலையங்களில் நோயாளரை இரு பிரிவாக்கி, காரநூலையும் சத்திரசிகிச்சையையும் ஒப்பிட்டு 1991இல் முடிவை வெளியிட்டது. நூலில் ஆற எட்டு வாரம் சென்றது, வெட்டில் நான்கு வாரம். ஆனால் ஒரு வருடத்தில் நோய் மீண்டது நூலில் 4 வீதம், வெட்டில் 11 வீதம்.

பழம்பெருமை பேசுவோர் இந்த ஆய்வை மேற்கோள் காட்டும்போது ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். காரநூலை மீட்டது சுஸ்ருதரின் பெயரல்ல. எண்ணிப் பார்க்க ஒப்புக்கொண்ட துணிவு. சுவர் விளம்பரக்காரர் எவரும் தன் நோயாளரில் எத்தனை பேருக்கு நோய் மீண்டது என்று எழுதுவதில்லை. மறுபக்கம், நாட்டு வைத்தியம் என்றாலே சிரிப்பவர்களும் இந்த எண்களைப் படிக்கவேண்டும். சென் மார்க்சிலும் நூல் இன்றுவரை இருக்கிறது. அங்கே பெரும்பாலும் அறுப்பதற்கல்ல, சீழ் வடிந்துகொண்டிருப்பதற்காகத் தளர்வாகக் கட்டப்படுகிறது.

யாழ்ப்பாணத்தில் வேறொரு வழியும் திறந்திருந்தது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேற்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்தார். உடற்கூறு, பிரசவம், இரசாயனம் எல்லாம் அவரது முயற்சியால் தமிழ் நூல்களாயின. ட்றூயிற்றின் ஆங்கிலச் சத்திரசிகிச்சைக் கைநூல் 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867இல் வந்தது. உடம்பின் எந்தப் பாகத்தையும் தமிழில் சொல்ல முடியும், சொல்லவேண்டும் என்று அவர் நினைத்தார். 1873இல் அவர் நாடு திரும்பிய பின் அந்த முயற்சி தொடரவில்லை. ஆங்கிலம் படித்தால் அரசாங்க உத்தியோகம் என்ற கணக்கில் தமிழ் வழி மருத்துவத்தை நாங்களே கைவிட்டோம். ஏறத்தாழ 150 வருடங்களின் பின் லண்டன் வைத்தியசாலை அறையொன்றில் நான் வார்த்தையின்றி நின்றதற்கும் அந்தக் கணக்குக்கும் தொடர்பு உண்டு.

7

சென் மார்க்ஸ் 1995இல் சிற்றி றோட்டை விட்டு ஹரோவில் உள்ள நோத்விக் பார்க்குக்குப் போனது. கொரோனாக் காலத்தில் பார்க் றோயலில் உள்ள சென்ரல் மிடில்செக்ஸ் வைத்தியசாலைக்கு மாறியது. எம்மவர் பலர் இரவு பகலாக வேலை செய்யும் தொழிற்சாலைகளும் களஞ்சியங்களும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. உலகுக்கே இந்த நோயைக் கற்பித்த இடம் அவர்கள் போகும் பஸ் பாதையில் இருக்கிறது. ஆனால் அவர்களில் ஒருவர் கசிவோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தால் அது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது.

தம்பியின் எம்.ஆர்.ஐ. படத்தை நிபுணர் எங்களுக்குக் காட்டினார். கரும்பரப்பில் ஒரு வெள்ளைக் கோடு. அதிலிருந்து பின்பக்கமாக இன்னொரு கோடு பிரிந்து போனது. முதல் இரவில் வெட்டியபோது எவருக்கும் தெரிந்திருக்க முடியாத கிளை அது. "சேர், உதுவே என்ரை வருத்தம்?" என்று கேட்டார். தன் நோயை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். இப்போது அவருக்குத் தளர்வான நூல் போடப்பட்டிருக்கிறது; அடுத்த கட்டம் பின்னர் தீர்மானிக்கப்படும். குணமாகிவிடும் என்று நான் எழுத முடியாது. ஆனால் இப்போது இருந்து சாப்பிடுகிறார். வேலைத்தலத்தில் இன்னொருவரிடம் தனது நோயைப் பற்றி அவரே பேசியிருக்கிறார்.

எமது வாசகர்களிடம் நான் வேண்டுவது பெரிய விடயமல்ல. கட்டு உடைந்து திரும்பத் திரும்பக் கசிந்தால் அது தானாகப் போகாது. கடைகளில் விற்கும் எண்ணெய்க்கும் போகாது. வைத்தியரிடம் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். இந்நாட்டின் பொதுச் சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம், அதற்குக் கட்டணமில்லை. சத்திரசிகிச்சைக்கு முன், குறிப்பாக நோய் மீண்டு வந்திருந்தால், படம் எடுக்கப்படுமா என்று கேளுங்கள். தசை எவ்வளவு அறுபடும் என்றும் கேளுங்கள். அது கேட்கக்கூடாத கேள்வி அல்ல.

சஞ்சிகைக்காரரிடம் வேண்டுவது இன்னொன்று. அந்த நிபுணர் கேட்ட கேள்விகளுக்குரிய தமிழை நாம் எழுதி வைக்கவேண்டும். கொச்சையாகவும் இல்லாமல், எவருக்கும் விளங்காத வடமொழியாகவும் இல்லாமல், ஒரு மகளுக்கு முன்னாலும் சொல்லக்கூடிய தமிழாக அது இருக்கவேண்டும். மானிப்பாயில் விட்ட வேலையை அகதிகள் வால்தம்ஸ்டோவிலிருந்து தொடர முடியாது என்று சொல்பவர்கள் தங்கள் காரணங்களை அடுத்த இதழில் எழுதட்டும்.